செக் இன்ஜின் விளக்கு: கோட் ரீடரா, புளூடூத் அடாப்டரா, ஒர்க்‌ஷாப் ஸ்கேனரா?

பழைய காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததும் பலர் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும், கோளாறு அப்படியே இருக்கும். பிழை பதிவான நேரத்தில் இன்ஜின் சூடு, வேகம், லோடு எல்லாம் எவ்வளவு என்று பிடித்து வைத்திருந்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் அதோடு அழிந்துபோகும். அதனால் அந்த வழியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை உடனே ஓரம் கட்டுங்கள். அது மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையே பொசுக்கிவிடும்.

சரி, நிலையாக எரிகிறதா? கையடக்கக் கோட் ரீடரை டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகினால் கோட், அதாவது பிழையின் எண், வந்துவிடும். (அமெரிக்காவில் 1996 மாடல் முதல் இந்தச் சாக்கெட் கட்டாயம். அதைவிடப் பழைய கார்கள் பலவற்றில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணித்தான் கோடைப் படிக்க வேண்டும்.) மிஸ்ஃபயருக்கு ரீடரே போதும். பி0302 என்றால் 2ஆம் சிலிண்டர். அதற்குத் தீப்பொறி மின்சாரம் தரும் காயிலை 3ஆம் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். கோட் பி0303 ஆக மாறினால் காயில்தான் போயிருக்கிறது.

ஆனால் பி0171 வந்தால் ரீடர் கைவிட்டுவிடும். கலவையில் காற்று அதிகம் என்று மட்டும்தான் அந்தக் கோட் சொல்கிறது, எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. இது புரியாமல் நான் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன், மூன்றாம் நாளே விளக்கு திரும்ப வந்தது. அப்புறம்தான் புளூடூத் அடாப்டர் வாங்கி, அதே சாக்கெட்டில் செருகி, போனில் ஃப்யூவல் டிரிமைப் பார்த்தேன். கலவையைச் சரிக்கட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு அது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) +22 சதவீதம், 2,500 ஆர்பிஎம்மில் +5. இன்ஜின் வேகம் ஏற ஏற எண் இறங்கினால் பெரும்பாலும் எங்கோ வேக்கம் கசிகிறது, அதாவது கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஐடிலில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான், அதில் சின்னக் கசிவுகூடப் பெரிய பங்காகிவிடும். சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குப் பின்னால் ஒரு ரப்பர் ஹோஸ், வளைவில் நகக்கீறல் அளவு வெடித்திருந்தது. சும்மா பார்த்தால் தெரியாது, விரலால் வளைத்ததும் வாயைத் திறந்தது.

எண் நேர்மாறாக, வேகம் ஏறும்போது கூடினால், உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரையோ பெட்ரோல் அழுத்தத்தையோ பாருங்கள். இந்த வித்தியாசத்தை நேரடி அளவுகள் காட்டும் கருவியில்தான் பிடிக்க முடியும். பழைய வண்டி வைத்திருப்பவருக்கு என் தேர்வு அடாப்டர்தான். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள், சாக்கெட்டில் எப்போதும் மின்சாரம் இருக்கும், நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கும்.

ஒர்க்‌ஷாப் ஸ்கேனருக்கு இணையில்லாத இடமும் உண்டு. அது வால்வுகளைத் திறந்து மூடச் சொல்லிச் சோதிக்கும், ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளையும் படிக்கும். பி0442 போன்ற பெட்ரோல் ஆவிக் கசிவுக்கு புகையைச் செலுத்திக் கசிவைத் தேடும் ஸ்மோக் டெஸ்டும் அங்கேதான் வேண்டும். போகும் முன் கோடை அழிக்காதீர்கள், ஐடிலிலும் 2,500இலும் கண்ட டிரிம் எண்களை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.