கத்திப் பிடிக்கு மரமா, மைக்கார்ட்டாவா?

காட்டுக்கும் தோட்டத்துக்கும் எடுத்துப்போகும் கத்தி, அதுவும் ஃபுல் டாங் கத்தி (அலகின் இரும்பு பிடியின் முழு நீள அகலத்துக்கும் ஓடி, இருபுறமும் பலகை ஒட்டிய வகை; பிடிக்குள் இருக்கும் அந்த இரும்புதான் டாங்) என்றால், பிடி போட என் கை முதலில் போவது மைக்கார்ட்டா என்ற ரெசின் பலகைக்குத்தான். மரம் பிடிக்காமல் இல்லை. எண்ணெய் ஊறியதும் ஈட்டி மரத்தில் எழும்பும் வரிகளுக்கு எந்த ரெசின் பலகையும் ஈடாகாது. ஆனால் மழையிலும் வெயிலிலும் புழங்கும் கத்தியில் அழகைவிடப் பராமரிப்புதான் முடிவு சொல்கிறது.

மரம் எடை குறைவு, அறுக்க எளிது, குளிரில் கைக்கு இதம். மைக்கார்ட்டா தேக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். துணியையோ காகிதத்தையோ ஃபீனாலிக் ரெசினில் தோய்த்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய பலகை அது. நம்மூர் எலெக்ட்ரிக்கல் கடைகளில் ‘ஹைலம் ஷீட்’ என்று கிடைப்பது இதே குடும்பம்தான். துணி வகை வேண்டும் என்று சொல்லிக் கேட்க வேண்டும். காகித வகையின் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். கண்ணாடி இழையில் செய்த ஜி10 பலத்தில் இரண்டையும் மிஞ்சும். ஆனால் வரி வெட்டாவிட்டால் ஈரக்கையில் வழுக்கும், அதன் தூசியும் மோசமானது.

இனி முக்கியமான விஷயம். மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் அல்ல, குறுக்கே. நடுவில் இருக்கும் இரும்பு அதோடு சேர்ந்து அசையாது. தேக்கு, பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் சுமார் 5 சதவீதம் சுருங்கும். காற்றின் ஈரப்பதம் 45-லிருந்து 80 சதவீதத்துக்கு ஏறினால், மரத்துக்குள் இருக்கும் ஈரம் 8, 9 சதவீதத்திலிருந்து 16 வரை போகும். 25 மி.மீ. அகலப் பிடியில் இது கிட்டத்தட்ட 0.3 மி.மீ. அசைவு; முதுகுப் பக்கம் பாதி, விரல் பக்கம் பாதி. நகத்தால் தடவினால் இதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே தட்டுப்படும். ஐப்பசி மழையில் சமமாகத் தேய்த்த பிடி, சித்திரை வெயிலில் சுருங்கி இரும்பை வெளியே தள்ளும். அரைமணி நேரம் கிளை கழித்தால் அந்த விளிம்பு உள்ளங்கையில் கொப்புளம் போட்டுவிடும். இத்தனைக்கும் அதிகம் அசையாத மரங்களில் ஒன்று தேக்கு.

அந்த விளிம்பையாவது உப்புத்தாள் போட்டுச் சரிசெய்யலாம். பசைக்கோடு வருடாவருடம் இழுபட்டு மயிரிழை அளவு பிளந்தால், அதற்குள் நீர் இறங்கும். லாரிப் பட்டையில் அடித்த கத்தியானால் பலகைக்கு அடியில் துரு ஓடும். பிடியைக் கழற்றும்வரை கண்ணில் படாது. எண்ணெயோ வார்னிஷோ ஈரத்தின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது. மைக்கார்ட்டாவில் இந்தத் தொல்லை இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ரெசின் ஏற்றிய ‘ஸ்டெபிலைஸ்டு’ மரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பல வருட வெயில்மழையில் அதை நான் பார்த்ததில்லை, அதனால் இந்தத் தராசில் ஏற்றவில்லை.

எதை ஒட்டினாலும் முன்வேலை ஒன்றுதான். இரும்பைச் சூடேற்றிக் கடினப்படுத்தும் முன்பே டாங்கில் ஓட்டைகளைப் போட வேண்டும், பலகைகளைக் கோத்துப் பிடிக்கும் உலோகப் பின்னைவிட 0.1 மி.மீ. பெரிதாக. 7, 8 மி.மீ. பலகையின் உட்புறத்தை 80 எண் தாளில் சொரசொரப்பாக்கி அசிட்டோனில் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்குக்கும் ஈட்டிக்கும் இது கட்டாயம். அலகை ஒட்டிய முன்முனைகளை ஒட்டுவதற்கு முன்பே 600 எண் வரை முடித்துவிட வேண்டும். பிறகு அங்கே தேய்த்தால் அலகில் கீறல் விழும். பசைக்கு 24 மணி நேரம் இறுகும் அரால்டைட். கிளாம்பை முறுக்கி இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்து, இரும்புக்கும் பலகைக்கும் நடுவில் ஒன்றும் மிஞ்சாது.

பிடியின் வயிற்றுப் பகுதியில் தடிமன் 20 முதல் 22 மி.மீ., ஆள்காட்டி விரல் சுற்றும் கழுத்தில் 16 முதல் 18. குறுக்குவெட்டு உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால்தான் இருட்டிலும் வெட்டுவாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். மைக்கார்ட்டாவில் மர அரம் நன்றாகப் பிடிக்கும். சுழலும் உப்புத்தாள் பெல்ட்டில் தேய்த்தால் கையுறை போடக் கூடாது. இரும்பு விரலுக்குச் சுட்டால் பசைக்கும் சுடுகிறது, உடனே தண்ணீரில் முக்க வேண்டும். தூசிக்கு மாஸ்க் தவிர்க்க முடியாதது, ஈரத்தில் தேய்த்தால் இன்னும் நல்லது. ஈட்டித் தூசியும் தோலுக்கு ஒவ்வாதது, மரம்தானே என்று விட்டுவிடக் கூடாது. தாளுக்குப் பின்னால் கெட்டியான கட்டை வேண்டும். வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் பின்னைச் சுற்றி மரம் குழிந்துவிடும். மைக்கார்ட்டாவிலும் குழியும், ஆனால் குறைவாக.

மெருகேற்றுவதில்தான் பலர் துணி மைக்கார்ட்டாவைக் கெடுக்கிறார்கள். 220 அல்லது 400 எண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்போது துணி இழைகள் மேலே லேசாக நின்று, ஈரம் பட்டால் பிடிமானம் கூடும். பஃப் போட்டுப் பளபளப்பாக்கினால் அந்தக் குணமே போய்விடும். பூச்சு எதுவும் தேவையில்லை. அழுக்கேறினால் சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும்.

மரத்துக்கு: 220-ல் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரைக் காய்ந்தபின் மறுபடி தேய்த்து, ‘பாயில்டு லின்சீட் ஆயில்’ என்று விற்கும் ஆளிவிதை எண்ணெய் மூன்று நான்கு பூச்சு. ஒவ்வொன்றிலும் கால்மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு ஒரு நாள் விட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம்; விரித்துக் காயப்போட வேண்டும். தேங்காய் எண்ணெய் இறுகாது, பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

மரத்தில்தான் வேண்டும் என்றால் நன்கு காய்ந்த சீமைக்கருவேலத்தைப் பரிந்துரைப்பேன். விறகு என்று ஒதுக்கப்படும் அந்த மரத்தின் சுருக்கம் மிகக் குறைவு. அல்லது டாங்கை உள்ளே மறைத்துவிடலாம். ஃபின்லாந்தின் பூக்கோ கத்தியில் பிர்ச் மரம் இரும்பை முழுதாக மூடிக்கொள்கிறது. நம் அரிவாளில் காம்பு பிடிக்குள் இறங்கிப் பூண் இறுக்குகிறது. மரம் உப்பினாலும் சுருங்கினாலும் கையில் தட்டுப்பட அங்கே இரும்பு விளிம்பு இல்லை. அந்த அமைப்பில் நான் மரத்தையே போடுவேன்.