அலுமினிய மடக்கு வீல்சேர்: உட்கார்ந்து ஓட்டுபவனின் மதிப்பீடு

வீல்சேர் பற்றிய விமர்சனங்களைத் தேடினால் கிடைப்பதில் முக்கால்வாசி, பின்னால் நின்று தள்ளுபவர்கள் எழுதியது. "லேசாக இருக்கிறது, மடக்கினால் கார் டிக்கியில் அடங்குகிறது, அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது" என்பதோடு முடிந்துவிடும். எனக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. வண்டியை ஓட்டுவது என் இரண்டு கைகள்தான், பழுது பார்ப்பதும் அதே கைகள்தான். அதனால் ஒரு வீல்சேரைப் பார்த்ததும் எனக்கு வரும் முதல் கேள்வி, இதில் எதெல்லாம் என் கைக்கு எட்டும், எதற்கெல்லாம் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டும் என்பது.

இது நடுத்தர விலையில் வரும் அலுமினிய மடக்கு வண்டி. பின்னால் 24 அங்குலக் காற்று டயர், முன்னால் 6 அங்குலக் கெட்டி ரப்பர் சக்கரம், கழற்றக்கூடிய ஆர்ம்ரெஸ்ட், பக்கவாட்டில் ஒதுக்கிக் கழற்றும் ஃபுட்ரெஸ்ட், பட்டனை அழுத்தினால் கழன்று வரும் பின்சக்கரங்கள். பிராண்டு பெயர் வேண்டாம். இதே வடிவத்தை நாலைந்து பேர் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்கிறார்கள்.

மடக்கும் முறை புதிதல்ல. சுரங்க விபத்தில் முதுகில் அடிபட்ட ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற பொறியாளரும் அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் 1930களில் எஃகுக் குழாயை எக்ஸ் வடிவில் இணைத்து உருவாக்கிய அதே அமைப்புதான். சீட்டின் நடுவைப் பிடித்து மேலே இழுத்தால் மடங்கும். விரிக்கும்போதுதான் கவனம் வேண்டும். சீட்டின் இரு ஓரத்துக் குழாய்களை உள்ளங்கையால் மட்டும் கீழே அழுத்த வேண்டும், விரல்கள் சீட்டின் நடுப்பக்கம் நீட்டியிருக்க வேண்டும். குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால், அது பக்கத்துச் சட்டத்தில் போய் உட்காரும் இடத்தில் விரல் நசுங்கும். இந்த வண்டியில் அந்த இடைவெளி ரொம்பக் குறுகல். ஒரு எச்சரிக்கை ஸ்டிக்கராவது ஒட்டியிருக்கலாம்.

பிடித்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: பின்சக்கரம் கழலும் விதம். அச்சின் நடுவில் உள்ள பட்டனை அழுத்தினால் மறுமுனையில் உள்ள குட்டிக் குண்டுகள் உள்ளே போகும், சக்கரம் கையோடு வந்துவிடும். என் அக்கா மகன் இரண்டு சக்கரத்தையும் கழற்றிவிட்டு வண்டியின் உடம்பை மட்டும் ஒரே கையில் தூக்கிக் காரில் வைக்கிறான். திரும்ப மாட்டும்போது "டக்" என்று சத்தம் கேட்டால் போதும் என்று விடக் கூடாது. பட்டன் முழுக்க வெளியே வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சக்கரத்தை வெளிப்பக்கமாக நன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். அச்சுக் குழாயில் மணல் புகுந்தால் குண்டுகள் பாதியில் நின்றுவிடும், பார்வைக்கு மாட்டியது போலவே இருக்கும். "மாமா, மாட்டிட்டேன்" என்று அவன் சொன்னாலும் நான் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் ஏறுவதில்லை. அவனுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்தது பிரேக். இதில்தான் எனக்குக் கோபம். பெட்டியைப் பிரித்தபோது வலது பிரேக் டயரை நன்றாகக் கவ்வியது, இடது பிரேக் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் யாரும் அதை அழுத்திப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். படுக்கைக்கும் வண்டிக்கும் இடையே உடம்பை மாற்றும் நேரத்தில் ஒரு பக்கம் நழுவினால் வண்டி சுழலும், ஆள் தரையில். நல்லவேளையாக, பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டை ஆலன் கீயால் தளர்த்தி, அதைக் கொஞ்சம் டயர் பக்கம் நகர்த்தி இறுக்கினால் சரியாகிவிடுகிறது. உட்கார்ந்தபடியே செய்யலாம். ஆனால் டயருக்குச் சரியான அளவு காற்றடித்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். இந்த வகைப் பிரேக் டயரை அழுத்தித்தான் நிறுத்துகிறது. காற்று இறங்கினால் டயர் சுருங்கும், பிடி போய்விடும். பிரேக் சரியில்லை என்று தோன்றினால் முதலில் டயரை அமுக்கிப் பாருங்கள். இன்னொன்று, இது வண்டியை நிறுத்திவைக்கும் பிரேக். ஓடும்போது வேகத்தைக் குறைக்க இதை இழுத்தால் ஒரு பக்கம் பிடித்து வண்டி திரும்பிவிடும். வேகத்தைக் குறைக்கக் கைவளையம்தான், அதாவது பின்சக்கரத்தின் வெளிப்பக்கம் கையால் பிடித்துத் தள்ளும் வளையம்.

காற்றின் அளவு டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். என்னுடையதில் 75 பிஎஸ்ஐ. மீட்டர் வைத்த சைக்கிள் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். மோட்டார் கம்ப்ரஸரில் அடிக்கக் கொடுத்தால் இவ்வளவு சின்ன டியூப் கண் இமைக்கும் நேரத்தில் அளவைத் தாண்டிவிடும். பஞ்சர் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் கெட்டி டயர் போடலாம். பிரேக் பிடியும் மாறாது. ஆனால் மேடுபள்ளத்தின் ஒவ்வொரு குலுக்கலும் முதுகுக்கு வந்து சேரும். நான் காற்று டயர் கட்சி.

முன்சக்கரங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வண்டி கனமாக ஓடுகிறது, ஒரு பக்கமாக இழுக்கிறது என்று புகார் சொல்பவர்கள், முதலில் இரண்டு பின்டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்து முன்சக்கரத்தின் அச்சைப் பாருங்கள். தரையில் கிடக்கும் தலைமுடியும் நூலும் சக்கரத்துக்கும் கவட்டைக்கும் இடையில் சுற்றிச் சுற்றி, அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாகக் கம்பளி வளையம் போல இறுகிவிடும். நுனி கூரான சின்னக் கத்தரியால் ஒரு இடத்தில் வெட்டி, ட்வீசரால் பிடித்து இழுத்தால் மொத்தமாக உரிந்து வரும். விட்டுவைத்தால் அது பேரிங்கின் மூடிக்குள் புகுந்துவிடும். அதைக் கரைக்கிறேன் என்று துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸும் சேர்ந்து கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சிக் கழுவுவதும் கூடாது, ஈரத்துணியால் துடைத்தாலே போதும். இந்த வண்டியில் அச்சு போல்ட் வெளியே தெரிகிறது, இரண்டு ஸ்பேனர் இருந்தால் கழற்றிவிடலாம். பேரிங் 608 என்ற வழக்கமான அளவு, ஸ்கேட்டிங் ஷூவில் வருவதுதான். இதற்காகவே தயாரிப்பாளருக்கு ஒரு சபாஷ்.

கீழே விழுந்ததைக் குனிந்து எடுக்கும்போதும் இந்த முன்சக்கரத்துக்கு வேலை இருக்கிறது. பொருளைத் தாண்டி முன்னால் போய், பிறகு கொஞ்சம் பின்னால் வந்து நின்றால் முன்சக்கரங்கள் முன்பக்கம் திரும்பி நிற்கும். வண்டியின் அடித்தளம் அந்த அளவுக்கு நீளும், முன்னால் கவிழும் வாய்ப்புக் குறையும். ஃபுட்ரெஸ்ட்டில் எடையை ஊன்றி எழுவதோ குனிவதோ எந்த வண்டியிலும் ஆபத்து.

பின்னால் சாயாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்கள் இதோடு வருகின்றன, நல்லது. ஆனால் முதுகுப்பக்கக் கைப்பிடியில் கனமான பையை மாட்டினால் அவை மட்டும் காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அதுவும் ரேம்ப்பில் ஏறும்போது. 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் ரேம்ப் அளவு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் நான் தனியாக ஏறுவதில்லை. ஏறும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும், இறங்கும்போது முதுகை நன்றாகப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். இதன் கைவளையம் வழவழப்பான அலுமினியம். இறங்கும்போது உள்ளங்கையால் தேய்த்துப் பிடித்தால் சூடேறும், கையுறை இல்லாமல் முடியாது. உதவிக்கு ஆள் இருந்தால் செங்குத்துச் சரிவில் வண்டியைத் திருப்பி, அவர் கீழ்ப்பக்கம் நின்று தாங்க, பின்பக்கமாக இறங்குவதுதான் பாதுகாப்பு.

படிக்கட்டு வந்தால் உதவ வருபவர்களின் கை முதலில் போவது ஆர்ம்ரெஸ்டுக்கு. இந்த வண்டியில் அது ஒரு சுண்டு சுண்டினால் கழன்றுவிடும். "சார், அதப் பிடிக்காதீங்க, இந்தக் கம்பியப் பிடிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் தூக்கிவிடுவார்கள். அதனால் பிடிக்க வேண்டிய இடங்களில், அதாவது கழலாத சட்டக் குழாய்களில், சிவப்பு டேப் சுற்றிவைத்திருக்கிறேன். பேச்சு மிச்சம்.

சீட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தொட்டில் துணி மாதிரி தொய்கிறது, கூடவே கொடுத்த நுரைத் துண்டு குஷன் என்ற பெயருக்கே லாயக்கில்லை. உணர்வு இல்லாதவர்களுக்குப் படுக்கைப்புண் எவ்வளவு சீக்கிரம் வரும், ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். நான் என் காற்றுக் குஷனையே அடியில் ஒரு பலகை போட்டு வைத்திருக்கிறேன். உட்கார்ந்தபின் இடுப்பெலும்பின் அடிமுனைக்கும் குஷனின் அடிப்பாகத்துக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தால் அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை காற்று இருக்க வேண்டும். எவ்வளவு நல்ல குஷனானாலும் அரை மணிக்கு ஒருமுறையாவது முன்னாலும் பக்கவாட்டிலும் சாய்ந்து எடையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

உண்மையான குறை அச்சின் இடம். உயரத்துக்கு இரண்டு துளை உண்டு, முன்பின் நகர்த்த வழியே இல்லை. 2005இல் வெளியான, முதுகுத்தண்டு காயம் பட்டவர்களின் தோளைக் காப்பதற்கான மருத்துவ வழிகாட்டுதல் ஒன்று, கைவளையத்தின் உச்சியில் கை வைக்கும்போது மேல்கைக்கும் முன்கைக்கும் இடையே 100 முதல் 120 டிகிரி கோணம் இருக்க வேண்டும் என்கிறது. சமநிலை கெடாத அளவுக்கு அச்சை முன்னால் வைக்கவும் சொல்கிறது. நீளமாக, நிதானமாகத் தள்ளிவிட்டுக் கையை வளையத்துக்குக் கீழே தானாகத் தொங்கவிட வேண்டும் என்பதும் அதில் உண்டு. என் உயரத்துக்கு மேல்துளை பொருந்துகிறது. குள்ளமானவர்களுக்குத் தோள் தூக்கியே நிற்கும்.

ஃபுட்ரெஸ்ட் கொக்கி பிளாஸ்டிக். உடைந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால் கொக்கி தனியாகக் கிடையாதாம், ஃபுட்ரெஸ்ட்டே முழுசாக வாங்க வேண்டுமாம். வலிமைச் சோதனை பற்றிக் கேட்டபோதும் பதில் இல்லை. வீல்சேருக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7176இன் 8ஆம் பகுதிப்படி, வண்டியை மேடு வைத்த உருளைகள் மேல் 2,00,000 சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும், பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 முறை போட்டுப் பார்க்க வேண்டும். அதில் தேறிய சான்று இருந்தால் எந்த விற்பனையாளரும் கேட்காமலேயே காட்டுவார்.

தினமும் சொந்தக் கையால் நாள் முழுக்க ஓட்டுபவர்கள், பணம் புரட்ட முடிந்தால் அச்சை நகர்த்தக்கூடிய, மடங்காத சட்ட வண்டிக்குப் போங்கள். காரில் ஏற்றி இறக்கி வெளியே போக இரண்டாவது வண்டியாகவோ, பெரும்பாலும் இன்னொருவர் தள்ளும் வண்டியாகவோ என்றால் இது தாராளமாகப் போதும். குஷனுக்கான செலவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே எக்ஸ் சட்டத்தின் நடு போல்ட்டையும் பிரேக் போல்ட்டுகளையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். என்னுடையதில் அந்த நடு போல்ட் கையாலேயே சுழன்றது.