மின்னல் குறியை மறைத்து விற்ற டிஸ்ப்ளே செட்

எங்கள் சிறு நூலகத்தின் வாசலில் ஒரு திரை இருக்கிறது. புதிதாக வந்த புத்தகங்கள், திறந்திருக்கும் நேரம், இவ்வளவுதான் அதில் ஓடும். இதற்காக ராஸ்பெர்ரி பை 3 பி பிளஸ் என்ற கையடக்கக் கணினி போர்டு, அடாப்டர், மெமரி கார்டு எல்லாம் சேர்ந்த ஒரு செட்டை வாங்கினோம். "சுவிட்சைப் போட்டால் போதும், பக்கம் தானாக வந்துவிடும்" என்றார் விற்றவர்.

முதல் சில வாரங்கள் வந்தது. அப்புறம் திரை அப்படியே உறைந்து நிற்கும், சில நாள் தானாக அணைந்து மறுபடி எழும். அவரைக் கூப்பிட்டால் "உங்கள் வைஃபை சரியில்லை" என்றார். ரூட்டரையே மாற்றினோம், பலனில்லை. அடுத்த முறை, "1 ஜிபி ரேமில் குரோமியம் பிரவுசர் அப்படித்தான் ஓடும்" என்றார். அதில் பாதி உண்மை இருந்ததால் நம்பிவிட்டேன்.

கடைசியில் நானே கீபோர்டைச் செருகி, டெர்மினலில், போர்டுக்கு மின்சாரம் போதுகிறதா என்று காட்டும் 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்' கட்டளையைப் போட்டேன். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பூஜ்ஜியம் வரவேண்டும். 50005 வந்தது. அந்த நிமிடமே மின்னழுத்தம் போதவில்லை, அதனால் பிராசசர் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது, முன்பும் இப்படி நடந்திருக்கிறது என்று பொருள். அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 1 ஆம்பியர்! இந்த போர்டுக்குப் பரிந்துரைக்கப்படுவது 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர்.

மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மின்னல் குறி வரும். எங்கள் திரையில் ஒருநாளும் வந்ததில்லையே என்று, போர்டின் அமைப்புகள் இருக்கும் 'கான்ஃபிக்.டெக்ஸ்ட்' கோப்பைத் திறந்தேன். 'அவாய்ட்_வார்னிங்ஸ்=1' என்று ஒரு வரி. அந்த எச்சரிக்கையைக் காட்டாதே என்று சொல்லும் வரி அது. தானாக வந்து உட்காராது, யாராவது எழுதினால்தான் உண்டு. அடாப்டர் போதாது என்று தெரிந்தேதான் விற்றிருக்கிறார். மட்டமான பொருளைக் கொடுத்ததைவிட, அதைக் காட்டிக்கொடுக்கும் குறியையும் மறைத்ததுதான் எனக்கு ஆறவில்லை.

சந்தேகத்தில் கார்டையும், அதன் உண்மையான கொள்ளளவைக் காட்டும் 'எஃப்3' நிரலால் சோதித்தேன். மேலே 32 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. 8 ஜிபிகூடத் தாண்டவில்லை, அதற்குமேல் எழுதியதெல்லாம் கெட்டுப்போயிருந்தது. போலிக் கார்டில் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. லாகும் (பதிவுக் கோப்புகள்) கேஷும் (தற்காலிகக் கோப்புகள்) பெருகி உண்மையான கொள்ளளவைத் தாண்டும்போதுதான் வினை. போதாக்குறைக்கு, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் திறந்தே கிடந்தது, 'பை' என்ற பழைய பயனர் பெயரும் 'ராஸ்பெர்ரி' என்ற கடவுச்சொல்லும் மாறாமல். எங்கள் நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் உள்ளே நுழைந்திருக்கலாம்.

ஆதாரத்தோடு பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கொடுக்கும்போது ஓடியதே" என்ற பதில்தான் கிடைத்தது.

சரியான அடாப்டரும் நல்ல கார்டும் போட்டு, கார்டில் எழுதுவதைத் தடுக்கும் ஓவர்லே வசதியையும் இயக்கிவிட்டேன். அதே போர்டு, அதே வைஃபை, இப்போது உறையாமல் ஓடுகிறது. இப்படி ஆயத்தமாக விற்கும் செட்டை வாங்கியிருந்தால், முதலில் அந்த கான்ஃபிக் கோப்பைத் திறந்து பாருங்கள். அந்த வரி இருந்தால் நீக்கிவிட்டு, மின்னல் குறி வருகிறதா என்று ஒருநாள் முழுக்கக் கவனியுங்கள்.