கை மரக்கிறதா என்று கேட்பதா, கருவி வைத்துப் பார்ப்பதா?

நாள் முழுக்க ஒரே மாதிரி கைவேலை செய்பவர்களிடம், மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் 'கார்ப்பல் டனல்' கோளாறு இருக்கிறதா என்று மொத்தமாகப் பார்க்க மூன்று வழிகள் உண்டு: கேள்வித்தாள், கையைத் தட்டி மடக்கிப் பார்ப்பது, நரம்புக் கடத்தல் சோதனை.

கடைசியானதுதான் துல்லியம் என்று தோன்றும். மின்துடிப்பு கொடுத்து, மணிக்கட்டில் நசுங்கும் அந்த மீடியன் நரம்பில் அது போகும் வேகத்தை எண்ணாகவே சொல்லிவிடுகிறது. சிக்கலும் அங்கேதான். 1999-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில், கையில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலேயே 18 சதவீதம் பேருக்கு நரம்பு மந்தம் என்று காட்டியது. வேலைக்கு ஆள் எடுக்கும்போதே இந்தச் சோதனையை வைத்தால், நன்றாக இருப்பவர்களைத்தான் வெளியே அனுப்புவோம். போதாததற்கு, கை குளிர்ந்திருந்தாலே நரம்பின் வேகம் குறைந்துவிடும்.

மணிக்கட்டைத் தட்டும் டினெல், 60 விநாடி மடக்கி வைக்கும் ஃபேலன், 30 விநாடி அழுத்தும் டர்கன் ஆகிய சோதனைகளுக்குச் செலவில்லை. ஆனால் செய்பவரைப் பொறுத்து முடிவு மாறும். இவற்றை மட்டும் நம்பி நான் யாரையும் வடிகட்ட மாட்டேன்.

என் ஓட்டு கேள்வித்தாளுக்கு, அதுவும் கையின் படத்தோடு. மரக்கும் இடத்தைப் பேனாவால் தீட்டச் சொல்ல வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மீடியன் நரம்பைச் சந்தேகிக்கலாம். சுண்டுவிரல் பக்கம் மட்டும் என்றால் அது முழங்கை வழியாக வரும் அல்நார் நரம்பு. முழங்கையையும் பார்க்க வேண்டும். 'ராத்திரி தூக்கம் கலைந்து கையை உதறுகிறீர்களா?' என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

சரி, இதுவும் அதிகம் பேரை அள்ளத்தான் செய்யும். அதே ஆய்வில் வலி, மரத்துப்போதல் என்று சொன்னவர்கள் 14.4 சதவீதம், மருத்துவரும் நரம்புச் சோதனையும் சேர்ந்து உறுதிசெய்தது மொத்தத்தில் 2.7 சதவீதம். அதனால் தாளில் சிக்கியவர்களை மட்டும் மருத்துவர் பார்க்கட்டும். அப்புறமும் சந்தேகம் இருந்தால் நரம்புச் சோதனை. நரம்பு வீங்கியிருப்பதைக் காட்டும் அல்ட்ராசவுண்டையும் அந்தக் கட்டத்தில் வைக்கலாம். வலிக்காது, ஆனால் பழகிய கை வேண்டும்.

வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தால் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்றே டிக் விழும். எனவே தாளை வாங்குவது மேலாளராக இருக்கக் கூடாது. நிர்வாகத்துக்குப் பெயர் வேண்டாம், எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்ற கணக்கு போதும். ஒரே பிரிவில் பலர் கையை உதறுகிறார்கள் என்றால், முதலில் பார்க்க வேண்டியது அங்குள்ள மேசையின் உயரத்தையும் கருவியின் பிடியையும் வேலையின் வேகத்தையும்.