மேக்கா டூவா? எங்க எது வரும்

நம்ம ஆளுங்க இங்கிலீஷ்ல தடுமாறறது பெரிய பெரிய வார்த்தைல இல்ல, மேக் (make), டூ (do)ங்கற இந்த ரெண்டு சின்ன வினைச்சொல்லுலதான். காரணம் நம்ம 'பண்ணு'. கால் பண்ணு, முடிவு பண்ணு, தப்பு பண்ணு, எல்லாத்துக்கும் ஒரே பண்ணுதான், அதனால இங்கிலீஷ் பேசும்போது வாய் தானா டூ பக்கம் போயிடுது, "ஐ டிட் எ மிஸ்டேக்"னு வந்துடுது. "ஐ மேட் எ மிஸ்டேக்"தான் சரி.

ஸ்கூல்ல சொல்லித்தர்ற ரூல் தெரியும்ல, புதுசா ஒண்ணு உருவானா மேக், ஒரு வேலைய செஞ்சா டூ. கேக்குக்கு மேக், ஹோம்வொர்க்குக்கு டூ. தப்பில்ல, ஆனா பாதி தூரம்தான் கூட வரும். "மேக் த பெட்"னா யாரும் கட்டில் செய்யல, படுக்கைய ஒழுங்குபடுத்தறாங்க. "டூ த டிஷஸ்"னா பாத்திரம் கழுவறது, "மேக் எ டிஷ்"னா ஒரு ஐட்டம் சமைக்கிறது.

என்னைக் கேட்டா ரூல விட, பின்னாடி எந்த வார்த்தை வருதுன்னு பாத்து சேத்தே மனசுல ஏத்திக்கறதுதான் பெட்டர். வாயால செய்யறது பெரும்பாலும் மேக்: ப்ராமிஸ், கம்ப்ளெயிண்ட், ஸ்பீச், கமெண்ட், போன் கால். அடுத்தவங்களுக்கு நல்லது கெட்டது செய்யறது டூ: ஃபேவர், ஹார்ம், டேமேஜ். வீட்டு வேலையும் பெரும்பாலும் டூதான், "டூ த ஷாப்பிங்", "டூ த குக்கிங்". காசு விஷயத்துல மட்டும் ரெண்டும் பங்கு போட்டுக்குது, பிசினஸுக்கு டூ, அதுல வர்ற லாபத்துக்கு மேக்.

"டூ யூ நோ", "ஐ டோன்ட் நோ" மாதிரி கேள்விக்கும் மறுப்புக்கும் முட்டுக் குடுக்கறது டூ மட்டும்தான், அங்க மேக்குக்கு இடமே இல்ல.

ஆனா ஒருத்தர ஒண்ண செய்ய வைக்கறதுக்கு மேக்தான், நான் ஆபீஸ் மெயில்ல அதிகமா பாக்கற தப்பும் இங்கதான். காக்க வச்சான்னு சொல்ல "ஹி மேட் மி டு வெயிட்"னு எழுதறாங்க, ஃபோர்ஸ் போட்டா "ஹி ஃபோர்ஸ்ட் மி டு வெயிட்"னு வருதே, அதே பழக்கத்துல இங்கயும் அந்த குட்டி 'டு' (to) ஒட்டிக்குது. மேக்குக்கு அது வேண்டாம், "ஹி மேட் மி வெயிட்", அவ்ளோதான். ஆனா செயப்பாட்டு வினையா மாத்தினா அந்த டு திரும்ப வந்தே ஆகணும், "ஐ வாஸ் மேட் டு வெயிட்". இந்த ஒரு ஜோடிய நாலு வாட்டி வாய்விட்டு சொல்லிப் பாருங்க, அப்புறம் காதே காட்டிக்குடுத்துடும்.

ரெண்டும் கை கோக்கற இடமும் ஒண்ணு இருக்கு, 'மேக் டூ', அதாவது இருக்கறத வச்சு ஒப்பேத்தறது. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டன்ல துணிக்கும் ரேஷன் வந்துடுச்சு, அப்போ பழைய துணிய தைச்சு ஒட்டுப்போட்டு உடுத்தச் சொல்லி அரசாங்கமே 1943ல ஒரு கையேடு போட்டுச்சு, அதுக்கு வச்ச பேரு 'மேக் டூ அண்ட் மெண்ட்'.