கூர்மூளையா, நிதானப் புத்தியா?

எங்கள் சிம்மக்கல் வீட்டில் இருவர். பெரியப்பா கணிதப் பேராசிரியர். மூன்றிலக்கப் பெருக்கலை மனத்திலேயே போடுவார். அத்தை எட்டாம் வகுப்போடு நின்றவர். மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லிகை வியாபாரம்.

ஒரு நிதி நிறுவனம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்றது. அவ்வளவு லாபம் எந்தத் தொழிலில் கிடைக்கிறது என்று அத்தை தன் அண்ணனிடம் கேட்டார். பெரியப்பாவோ கூட்டுவட்டியைப் பிழையின்றிக் கணக்கிட்டார். அந்த வட்டி வருமா என்பதை மட்டும் சந்தேகிக்கவில்லை. ஓய்வுக்காலப் பணம் முழுவதும் போயிற்று. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

நியூட்டனே 1720இல் தென்கடல் நிறுவனப் பங்குகளில் பெரும்பணம் இழந்தார். 1954இல் வேதியியல் நோபல் பெற்ற லைனஸ் பாலிங், சோதனைகள் மறுத்த பிறகும், வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்றே வாதாடினார். கூர்மூளை, ஆசைப்பட்ட முடிவுக்கும் அழகான காரணங்களைத் தேடித் தந்துவிடுகிறது.

புதிர்களில் கதை வேறு. மட்டையும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய், மட்டை பந்தைவிட 100 ரூபாய் அதிகம், பந்தின் விலை? அத்தை பத்து என்றார். பெரியப்பா நொடியில் ஐந்து என்றார், அதுவே சரி: பந்து 5, மட்டை 105.

ஆனாலும் பணத்தை எங்கே போடுவது என்று கேட்க, நான் அத்தையிடம்தான் போகிறேன்.