ரத்த நோய் விழிப்புணர்வு முகாம்: பதாகையில் இருந்தது மேசையில் இல்லை

தன்னார்வ அமைப்பு ஒன்று நடத்திய ரத்த நோய் விழிப்புணர்வு மற்றும் பரிசோதனை முகாமுக்கு அண்மையில் குடும்பத்துடன் சென்று வந்தேன். இலவசச் சேவையில் குறை காண்பதா என்று சிலர் கேட்கலாம். ஆனால் ரத்தப் பரிசோதனையைப் பொறுத்தவரை அரைகுறை விளக்கம் ஆளைத் தவறான நிம்மதியிலோ வீண் பயத்திலோ கொண்டு விட்டுவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

முகாமின் சிறப்பு, ரத்தக்கசிவு நோய்களுக்கான அரங்கு. ரத்தம் உறைய உதவும் புரதங்களான உறைதல் காரணிகளில் எட்டாவது குறைந்தால் ஹீமோஃபீலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் பி என்று பிரித்துச் சொன்னதோடு, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்குவதையும் படத்தில் காட்டினார்கள். அங்கிருந்த செவிலியர் பெண்களைத் தனியே அமர்த்தி, மாதவிடாய் ஏழு நாட்களுக்கு மேல் நீள்கிறதா, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, பல் பிடுங்கியபின் ரத்தம் நிற்கத் தாமதமானதா என்று பொறுமையாகக் கேட்டார். பரம்பரை ரத்தக்கசிவு நோய்களில் மிகப் பரவலான வான் வில்லிபிராண்ட் நோய் இருபாலருக்கும் வரக்கூடியது. "எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எப்போதுமே இப்படித்தான்" என்ற பேச்சில் பல ஆண்டுகள் மறைந்து கிடப்பதும் அதுதான். இந்த ஓர் அரங்குக்காகவே முகாமுக்குப் போகலாம்.

ஹீமோகுளோபின் மேசையில்தான் தரம் சரிந்தது. என் மனைவியின் விரலில் குத்தியபின் ரத்தம் எளிதில் வராததால், பணியாளர் நுனியைப் பிழிந்து பிழிந்து எடுத்தார். அப்படிப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகத் தெரியக்கூடும். கையைச் சற்றுச் சூடேற்றி, முதல் துளியைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் துளியை எடுப்பதே முறை. கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்த எண்ணுக்குக் கீழே வந்த அனைவருக்கும் ஒரே இரும்புச்சத்து மாத்திரை அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவே பெரும்பாலும் காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஹீமோகுளோபின் உற்பத்தியைப் பாதிக்கும் பரம்பரை நோயான தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்தே இருக்கும், சிவப்பணுக்களும் சிறுத்தே இருக்கும். அணுக்கள் சிறியனவாக இருந்தும் அவற்றின் எண்ணிக்கை குறையாமலோ கூடுதலாகவோ இருந்தால் தலசீமியாவைச் சந்தேகப்பட வேண்டும் என்பது முழு ரத்த எண்ணிக்கை அறிக்கையிலேயே தெரியும். அதன் ஒரு வகையான பீட்டா தலசீமியாவின் மரபணுவைச் சுமக்கிறார்களா என்று உறுதிசெய்ய, ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஏ2-வின் அளவு பார்ப்பார்கள். சுமப்பவர்களுக்குப் பொதுவாக அது 3.5 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இரும்புச்சத்துக் குறைவு அந்த அளவையும் தாழ்த்திக் காட்டக்கூடும் என்பதால், அதைச் சரிசெய்தபின் மறுபடியும் சோதிக்க வேண்டியிருக்கும். பெற்றோர் இருவரும் சுமப்பவர்களானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு என்று வாசலிலேயே பெரிய பதாகை வைத்திருந்தார்கள். ஆனால் அதைக் கடந்து மேசைக்கு வந்த, மணமாகாத இளைஞர்கள் எவரிடமும் இந்தச் சோதனை பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாறாக, பழைய அறிக்கையுடன் வந்த ஒருவரிடம் தன்னார்வலர் "உங்களுக்கு லேசான தலசீமியா" என்று சொல்ல, அவர் முகம் வெளிறிவிட்டது. மரபணுவைச் சுமப்பவர் பொதுவாக நோயாளி அல்லர், அவருக்கு வழக்கமாகச் சிகிச்சையும் தேவையில்லை என்பதைச் சொல்ல ஓர் ஆலோசகராவது அங்கே இருந்திருக்க வேண்டும்.

அரிவாள் செல் சோகைக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் தலா ஒரு சுவரொட்டியோடு சரி. துண்டறிக்கையின் தமிழ் தெளிவாக இருந்தது, எழுத்துதான் பொடி.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன், அதில் இரண்டு அந்தச் செவிலியருக்கு. அடுத்த முகாமுக்குச் செல்பவர்கள் கையில் இருக்கும் பழைய ரத்த அறிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால், இன்னோர் அட்டை வாங்காமல் ரத்தவியல் மருத்துவரைப் பாருங்கள்.